செவிட்டு டீச்சரும் இரண்டு ஆம்பிளிஃபயர்களும்

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வால்வு வைத்த ஆம்பிளிஃபயர்தான் ஆம்பிளிஃபயர், அந்த இனிமை வேறு எதிலும் வராது என்கிறார் ஒருவர். போய்யா, டிரான்சிஸ்டர் வந்த பிறகு அந்த அடுப்பை எவன் தூக்கிச் சுமப்பான் என்கிறார் மற்றவர். பந்தியில் இலை போட்டு அரைமணி நேரம் ஆகிவிட்டது, இரண்டு பேரும் எழுந்திருக்கிற வழியாக இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்த்து வைத்திருப்பேன். யார் கேட்கிறார்கள்? காதில் மெஷின் மாட்டிய கிழவியிடம் போய் எவனாவது ஆம்பிளிஃபயரைப் பற்றிக் கேட்பானா?

உண்மையில் என்னைப் போன்றவர்களிடம்தான் கேட்கவேண்டும். நல்ல காது உள்ளவனுக்கு எந்தப் பெட்டியை வைத்தாலும் கேட்கும். எது பேசுகிறது, எது கத்துகிறது என்று பாதிக் காது உள்ளவளுக்குத்தான் தெரியும். இதை நான் ஒருமுறை எங்கள் ஊர் முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். அப்போது டிரான்சிஸ்டர் என்ற பெயரே எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. வந்த இரண்டு பெட்டிகளுமே வால்வுப் பெட்டிகள்தான். ஆனால் சண்டை இதே சண்டை.

எங்கள் ஊர் குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில் கடலை ஒட்டிக் கிடக்கிறது. திருவிதாங்கூர்-கொச்சி அரசாங்கம் நடந்துகொண்டிருந்த காலம் அது, நாங்கள் மதராசோடு சேர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. நான் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்தாறு. டிரெயினிங் படிக்கும்போது வந்த டைபாய்டு என் வலது காதை முழுசாகக் கொண்டுபோய்விட்டது, இடது காதில் பாதியை விட்டுவைத்தது. அந்தப் பாதியிலும் ஒரு வஞ்சனை உண்டு. ஆவும் ஓவும் ஊவும் கேட்கும், கவும் சவும் தவும் கேட்காது. சத்தம் வரும், சொல் வராது. 'என்ன?' என்று திரும்பக் கேட்டால் எல்லோரும் செய்வது ஒன்றுதான், கத்துவார்கள். கத்தினால் சத்தம் கூடும், சொல் இன்னும் கலங்கும். காது கேளாதவர்களிடம் கத்துகிறவர்களைப் பிடித்து ஆளுக்கு ஒரு அறை விடவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுவது உண்டு.

ஊருக்கு இது தெரியாது. தெரியவிடவில்லை நான். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை என் மேஜை அருகில் வந்து என் முகத்தைப் பார்த்து நின்று, வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லவேண்டும். நான் உதட்டைப் படிப்பேன். 'மூணாங் கிளாஸ் டீச்சர் ரெம்பக் கண்டிப்பு' என்று ஊரில் பேச்சு, அந்தப் பெயர் எனக்குச் சௌகரியமாக இருந்தது. அப்பாவுக்கு வள்ளம் மோதிக் கால் போனதிலிருந்து என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கண் மங்கிப்போன ஒரு பழைய வாத்தியாரை ஒரே கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காது போன டீச்சரை மட்டும் மாலை போட்டு வைத்துக்கொள்வார்களா?

ஒரே ஒருத்திக்குத் தெரியும். அடுத்த வீட்டு அக்கா. ஓலைக் கடவத்தில் மீன் சுமந்து உள்நாட்டு ஊர்களில் விற்கிறவள். கோயிலில் பெண்கள் பக்கத்தில் என் இடது பக்கம் அவள்தான் உட்காருவாள். பூசை லத்தீனில் நடக்கும், அதில் எனக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிரசங்கம்தான் தமிழ். பங்குச் சாமியாருக்கோ நெஞ்சுவரை தாடி, உதட்டைப் பார்க்க வழியே கிடையாது. பூசை முடிந்து வீடு திரும்பும்போது அக்கா என்னைப் பார்த்து நடந்துகொண்டே பிரசங்கத்தையும் ஊர் அறிவிப்புகளையும் தன் வாயால் ஒருமுறை நடத்திக் காட்டுவாள். ஏழு வருஷம் சாமியாரின் பிரசங்கம் எனக்கு அவள் குரலில்தான் வந்தது, நடுநடுவே மீன் விலையும் சேர்ந்து.

அந்த வருஷம் பக்கத்து ஊர்க் கோயிலில் மைக்செட் வாங்கிவிட்டார்கள். கோபுரத்தில் இரண்டு கோளாம்பி. வாய் அகன்ற அந்தக் குழாய்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர்கள் ஜெபமாலை சொன்னால் காற்று வாக்கில் எங்கள் வீட்டு அடுக்களைவரை வந்தது. எங்கள் ஊர் ஆண்களுக்கு அது பொறுக்கவில்லை. மீனில் கோயிலுக்கு விழுகிற பங்கிலிருந்து உடனே ஒரு பெட்டி வாங்கவேண்டும், அது அவர்களுடையதைவிடக் கனமாக முழங்கவேண்டும் என்று கோயில் கமிட்டி தீர்மானித்தது. நாகர்கோவிலிலிருந்து ஒரு மைக்செட் கடைக்காரர் பஸ்ஸின் மேலே இரண்டு பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஒன்று பெரியது. உள்ளே நாலு தடித்த வால்வு, கூடவே அதற்குக் கரண்ட் கொடுக்க எண்ணெய் எஞ்சின் ஒன்று, ஏனென்றால் எங்கள் ஊருக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. மற்றது சின்னது. இரண்டு வால்வு, ஒரு கார் பாட்டரியில் ஓடும். ஞாயிற்றுக்கு ஒன்றாக இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார் அவர்.

முதல் ஞாயிறு சின்னது. கோயிலுக்குள்ளே தூணில் ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கரை மாட்டியிருந்தார்கள். நான் வழக்கம்போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்து, வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிரசங்கம் தொடங்கியது.

'கோயில் முற்றத்தில் கருவாடு காயப்போடக்கூடாது என்று எத்தனை தடவை சொல்வது?'

நான் நிமிர்ந்து பார்த்தேன். யார் என் காதருகில் பேசுவது? யாரும் இல்லை. சாமியார் தூரத்தில் தாடியோடு நின்றுகொண்டிருந்தார். 'திவ்விய நற்கருணை வாங்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறார்கள்' என்றது தூண். கவும் தவும் சவும் ஒவ்வொன்றாக, கையில் எடுத்துக் கொடுத்ததுபோல வந்தன. உதட்டைப் பார்க்காமல், அக்காவின் முகத்தைப் பார்க்காமல், நான் ஒரு முழு வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன். பிறகு இன்னொன்று. ஏழு வருஷத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் பிரசங்கம் கருவாட்டைப் பற்றியது. பொலபொலவென்று அழுதேன்.

"ஏட்டி, என்னத்துக்கு அழுற? கருவாட்டுக்குச் சாமி ஏசுனா ஒனக்கென்ன, நீயா காயப்போட்ட?" என்று அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

அடுத்த ஞாயிறு பெரியது வந்தது. கோபுரத்தில் இரண்டு கோளாம்பி, கோயிலுக்குள் ஒன்று, வெளியே எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டார். சாமியார் வாயைத் திறந்ததும் கோயில் ஓடு அதிர்ந்தது. எனக்கு அது வெறும் ஓவென்ற ஓலம். என்னிடம் கத்துகிறவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடி ஒரே வாயால் கத்தினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காதையும் பொத்தவேண்டும்போல இருந்தது. சுற்றிலும் எல்லோர் முகத்திலும் பெருமை.

வீடு திரும்பும்போது அக்காவும் அதே பெருமையில் இருந்தாள். "கொள்ளாம் கேட்டியா, நல்ல கனத்த சத்தம்."

"சாமி என்ன சொன்னாரு?"

"என்ன சொன்னாரா... பாவம் செய்யப்பிடாதுன்னு சொன்னாரு."

"அத எந்த ஞாயித்துக்கெழம சொல்லாம இருந்தாரு? இண்ணைக்கு என்ன சொன்னாரு?"

"சவத்த, எனக்கும் ஒண்ணும் வெளங்கல்லட்டி" என்று அக்கா சிரித்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னப் பெட்டி போய்விட்டால் எனக்குக் கோயிலும் போய்விடும். கமிட்டியில் பேசப்போகிறேன் என்றேன். அக்கா நடையை நிறுத்திவிட்டாள். "பேசினா என்ன கேப்பாவ தெரியுமா? ஒனக்கெப்பிடித் தெரியும்னு கேப்பாவ. என்ன சொல்லுவ? காதச் சொன்னா வேல போவும். கம்முன்னு கெட." அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

சனிக்கிழமை பிற்பகல், வள்ளங்கள் எல்லாம் கரையேறிய பிறகு, கடற்கரையில் பரிட்சை வைத்தார்கள். சாமியார் கோட்டாற்றுக்குப் போயிருந்தார். ஊர்த்தலைவர்தான் நீதிபதி. பரிட்சை எப்படியென்றால், ஒரு ஆள் பக்கத்து ஊர் எல்லையில் போய் நிற்கவேண்டும், சத்தம் கேட்டால் துண்டை வீசவேண்டும். கோயில் காரியங்களில் சாமியாருக்குத் துணையாக இருந்த உபதேசியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு பரலோக மந்திரம் சொன்னார். பெரிய பெட்டி முழங்கியது. எல்லையில் துண்டு பறந்தது. கரையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறகு சின்னதற்கும் ஒரு கோளாம்பியை மாட்டி அதே மந்திரம். துண்டு அசையவில்லை. அந்த ஆள் பாதித் தூரம் திரும்பி, தென்னை வரிசைக்கு வந்த பிறகுதான் வீசினான்.

"பின்ன என்ன? பெருசுதான்" என்றார் தலைவர். கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

ஆண்கள் கூட்டத்துக்குள் நான் நடந்து போனேன். கால் மணலில் புதைந்தது, அக்கா பின்னால் இருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். பறித்துக்கொண்டேன்.

"பரலோக மந்திரத்த வச்சா பரிட்ச பாப்பாவ?" என்றேன். "பொறந்த பிள்ளைக்கும் அது மனப்பாடம். ஓன்னு ஒரு சத்தம் வந்தாப் போரும், மிச்சத்த நாமளே மனசுக்குள்ள சொல்லிக்கிடுவோம். தெரியாத ஒண்ணச் சொல்லிப் பாருங்க. அப்பத் தெரியும்."

தலைவர் என்னைப் பார்த்தார். எனக்கு எதிரில் நேராக நின்றதால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. "டீச்சர், சத்தம் கூடினா நல்லாத்தான கேக்கும். இதுல ஒங்களுக்கு என்ன தெரியும்?"

அக்கா சொன்ன அதே கேள்வி. பதில் என் தொண்டையில் ஏழு வருஷமாக உட்கார்ந்திருந்தது. இனி எதற்கு அதைக் காவல் காப்பது?

"எனக்குக் காது கேக்காது" என்றேன். "வலது காது சுத்தமாப் போச்சு. எடது காதுல பாதிதான். ஒங்க மொகத்தப் பாத்துத்தான் இப்பப் பேசிட்டு இருக்கேன். ஒங்களுக்கெல்லாம் பெருசு கேட்டாலும் செறுசு கேட்டாலும் ஒண்ணுதான். எனக்கு எது சொல்லா வருது, எது வெறும் எரைச்சலா வருதுன்னு என்னவிட இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? சொல்லுங்க!"

உபதேசியார் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவர் மகள் டிரெயினிங் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலைக்குக் காத்திருந்தாள்.

ஒரு பிள்ளையின் சிலேட்டை வாங்கி எழுதினேன். 'வியாழக்கிழமை வடக்குத் தெருக் கிணற்றில் மருந்து போடுவார்கள். இரண்டு நாள் யாரும் தண்ணீர் எடுக்கவேண்டாம்.' உபதேசியார் கையில் கொடுத்து, பெரிய பெட்டியில் வாசிக்கச் சொன்னேன். எல்லையில் துண்டு ஜோராகப் பறந்தது. அந்த ஆளை ஓடிவரச் சொன்னார்கள்.

"கேட்டியாலே?" என்றார் தலைவர்.

"நல்லாக் கேட்டுது!"

"என்ன சொன்னாரு?"

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தான். "அது... சத்தம் நல்லாக் கேட்டுது."

பெண்கள் பக்கம்தான் முதலில் சிரித்தது. பக்கத்தில் நின்ற ஆண்களையும் தலைவர் கேட்டார். கிணறு என்று ஒருவர் சொன்னார், நாள் யாருக்கும் பிடிபடவில்லை. கடைக்காரர் எஞ்சினைக் குறை சொன்னார், பிறகு காற்றைக் குறை சொன்னார். சின்னப் பெட்டியில் வாசிக்க நான் புதிதாக வேறொன்று எழுதிக் கொடுத்தேன். இந்தமுறை அவன் தென்னை வரிசையில்தான் நின்றான், ஆனால் திரும்பி வந்து நாளையும் நேரத்தையும் அப்படியே சொன்னான்.

அதோடு விடவில்லை நான். "இப்ப எனக்கு வையுங்க" என்றேன். எழுத்துத் தெரிந்த யாராவது தம் இஷ்டத்துக்கு எழுதட்டும், நான் கடலைப் பார்த்து நிற்கிறேன் என்றேன். திரும்பி நின்றேன். முன்னால் அலை மட்டும்தான் இருந்தது. சின்னப் பெட்டி பேசியது. பேசி முடித்ததும் நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "தெக்குக் கடற்கரையில் வலை காயப்போட்டிருப்பவர்கள் இன்று சாயங்காலத்துக்குள் எடுத்துவிடவேண்டும்" என்றேன். ஒரு சொல் குறையவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் தாடையைச் சொறிந்தார். "எல்லாம் செரிதான். ஆனா பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பானே, நம்ம சத்தம் அவன் எல்லைக்கே போவலன்னு."

"அவனுக்கு எதுக்கு நம்ம பிரசங்கம்? நமக்குக் கேக்கட்டும் முதல்ல!" என்று அக்கா கூட்டத்தை விலக்கி என் முன்னால் வந்து நின்று கத்தினாள். மீன் விற்று விற்றுப் பழகிய தொண்டை, அதற்கு ஆம்பிளிஃபயர் வேண்டாம். பெண்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார், கோபுரத்திலும் ஒரு கோளாம்பி கட்டாயம் இருக்கவேண்டும், பார்க்கிறவனுக்காவது தெரியட்டும் என்றார். சின்னப் பெட்டி எங்களுடையது ஆயிற்று. கடைக்காரர் பெரியதை முகம் சுண்டிப்போய் மறுபடி பஸ் மேலே ஏற்றினார்.

அன்று ராத்திரி சாமியார் திரும்பி வந்ததும் உபதேசியார் முதல் ஆளாகப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். சொன்னது பாதி. டீச்சருக்குக் காது கேட்காதாம், ஊர் முன்னால் அவளே ஒப்புக்கொண்டாள் என்றவரை சொன்னார். நான் கடலைப் பார்த்து நின்று திருப்பிச் சொன்னதைச் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

மறுநாள் பூசைக்குப் போனேன். சாமியார் பிரசங்கம் முடித்து, ஒரு காகிதத்தை விரித்து ஊர் அறிவிப்புகளை வாசித்தார். ஒரு கல்யாண ஓலை. கல்லறைத் தோட்டத்துச் சுவர் வேலைக்கு ஆள் கூப்பிடுதல். பிறகு தூணில் இருந்த பெட்டி தெளிவாகச் சொன்னது.

'நம்முடைய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் புதிய ஆசிரியை தேவைப்படுகிறது. டிரெயினிங் முடித்த பெண்கள் இந்த வாரத்துக்குள் மனுக் கொடுக்கலாம்.'

பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு தலையாக என்னைப் பார்த்துத் திரும்பியது. சாமியார் மட்டும் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். நேரில் சொல்லத் துணிச்சல் இல்லை, இங்கே சொன்னால் எனக்குக் கேட்காது என்ற தைரியம். என் உடம்பு எரிந்தது. அக்கா என் தோளைப் பிடித்து, தன் முகத்தை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஒண்ணுமில்லட்டி" என்றாள். "கல்லறைச் செவுரப் பத்தித்தான் சொல்லுதாரு."

ஏழு வருஷத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் பொய் அது.

அவள் கையை எடுத்துவிட்டு எழுந்தேன். எங்கள் கோயிலில் பூசை நேரத்தில் பெண் எழுந்து பேசுவது என்பது அதற்கு முன்னால் நடந்ததில்லை.

"கேட்டுது சாமி" என்றேன். "மூணாங் கிளாஸுக்குப் புது டீச்சர் வேணும், டிரெயினிங் முடிச்ச பெண்கள் இந்த வாரத்துக்குள்ள மனுக் குடுக்கணும். ஒரு எழுத்து விடாமக் கேட்டுது. எனக்குக் காது பாதிதான், அத நானே சொல்லிட்டேன். ஆனா எனக்க கிளாஸ் பிள்ளைங்க படிக்குதா இல்லியான்னு நீங்க வந்து பாக்கல்ல. வந்து பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. அதுவும் எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

சாமியார் காகிதத்தை மடித்தார். ஆண்கள் பக்கத்தில் தலைவர் கழுத்தைத் திருப்பி முதலில் என்னையும் பிறகு உபதேசியாரையும் பார்த்தார். அக்கா என் முந்தானையை இழுத்து உட்காரு, உட்காரு என்றாள். நான் உட்காரவில்லை. பதில் அந்தப் பெட்டி வழியாகத்தான் வரவேண்டும், வந்தால் எனக்குக் கேட்கும், வருகிறவரை நிற்பேன் என்று நின்றேன்.

பெட்டியில் முதலில் ஒரு செருமல் வந்தது.

"நாளைக்குக் காலையில வகுப்புக்கு வாறேன், டீச்சர்" என்றார் சாமியார்.

டீச்சர் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருஷம் ஊரில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள், ரிட்டையர் ஆகும் நாள்வரை மூன்றாம் வகுப்பை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.